டுவேன் எடியோட முதல் ஆல்பம்: முழுசா கேட்டவங்க கொஞ்சம் சொல்லுங்க

தந்திமீட்டி எழுதியது:

வணக்கம் மக்களே. பாடாம கிட்டார்லயே மெலடி வாசிக்கிற அமெரிக்கக்காரர் டுவேன் எடியோட முதல் ஆல்பம் 'ஹேவ் ட்வாங்கி கிட்டார் வில் டிராவல்' இந்த வாரம் பூரா வீட்ல ஓடிட்டு இருக்கு, அதப் பத்தி கேக்கத்தான் இந்தத் திரி. நான் கிட்டார் பக்கம் வந்ததே ஷேடோஸ் பேண்டோட 'அப்பாச்சி' கேட்டுத்தான், அங்கருந்து வெஞ்சர்ஸ், டிக் டேல்னு போயிட்டேன், ஆனா இவங்க எல்லாருக்கும் முன்னாடியே ஹிட் குடுத்த மனுசன சிங்கிள் சிங்கிளாத்தான் (தனித்தனி பாட்டா வந்த தட்டு) கேட்டிருக்கேன், பன்னெண்டு பாட்டையும் வரிசையா உக்காந்து கேட்டது இப்பத்தான். 2024 ஏப்ரல் 30ல 86 வயசுல அவர் இறந்தப்ப கூட எல்லாரும் 'ரெபல் ரவுசர்' ஒன்ன மட்டும்தான் போட்டு அஞ்சலி எழுதினாங்க, ஃபாரஸ்ட் கம்ப் படத்துல லாரில துரத்துற பசங்ககிட்டருந்து ஹீரோ ஓடுவான்ல, அங்க வர்ற மியூசிக்.

எனக்கு என்ன தெரியணும்னா, இந்த ஆல்பத்த கிளாசிக்னு சொல்றாங்களே, அது அந்த நாலஞ்சு ஹிட்டுக்காக மட்டுமா இல்ல முழு ஆல்பத்துக்குமா? ஏன்னா 'ரெபல் ரவுசர்', 'கேனன்பால்', 'ராம்ராட்' எல்லாம் போட்ட உடனே உக்கார விடாது, ஆனா கூடவே 'லோன்சம் ரோடு', 'எனி டைம்', 'லவிங் யூ'ன்னு ஏற்கனவே மத்தவங்க பாடின பழைய பாட்டுங்க வருது, அத எப்படி எடுத்துக்கிறதுன்னு பிடிபடல, இடத்த நிரப்ப போட்டதா இல்ல வேற ஏதாவது எண்ணம் இருந்துச்சா?

இன்னொன்னு வாசிக்கிறவங்களுக்கான கேள்வி. ரெபல் ரவுசர் நோட்ஸ் ஒரே ராத்திரில கைக்கு வந்துருச்சு, விரலுக்கு ஒன்னும் கஷ்டமே இல்ல. ஆனா ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி கேட்டா அந்தப் பாட்டே இல்ல அது, நோட்டு மட்டும் இருக்கு. அந்த கனம் எங்கருந்து வருது? வெறும் எக்கோவா? கிட்டாரா? ஆம்ப்பா (ஆம்ப்ளிஃபையர்)? தெரிஞ்சவங்க விரிவா எழுதுங்க, நீளமா இருந்தாலும் பரவால்ல, நான் படிப்பேன்.

எதிரொலி எழுதியது:

நல்ல திரி தம்பி. எனக்கு இந்த ஆல்பம்னாலே மொதல்ல ஞாபகம் வர்றது அந்த தண்ணி டாங்க் தான், அதனால அங்கருந்தே ஆரம்பிக்கிறேன்.

இது எல்லாம் ரெக்கார்ட் ஆனது அரிசோனால, ஃபீனிக்ஸ் ஊர்ல இருந்த ஆடியோ ரெக்கார்டர்ஸ்னு ஒரு சின்ன ஸ்டுடியோல, 1957 கடைசில இருந்து 58 வரைக்கும். நியூயார்க்கும் இல்ல, ஹாலிவுட்டும் இல்ல, நாஷ்வில்லும் இல்ல, பாலைவன ஊரு. புரொட்யூசர் லீ ஹேசில்வுட். இவரு அதே மாநிலத்துல கூலிட்ஜ்னு ஒரு குட்டி ஊர் ரேடியோல டிஸ்க் ஜாக்கியா இருந்தவரு, எடியோட குடும்பம் அந்தப் பக்கம் குடி வந்தப்ப பழக்கம் ஆனது. பின்னாடி நான்சி சினாட்ராவுக்கு 'தீஸ் பூட்ஸ் ஆர் மேட் ஃபார் வாக்கின்' எழுதினதும் இதே ஹேசில்வுட் தான்.

அந்த ஸ்டுடியோல எக்கோ சேம்பர் கிடையாது. பெரிய கம்பெனிங்க தனி ரூம் கட்டி வச்சிருந்தாங்க, இவங்ககிட்ட அவ்ளோ காசும் இல்ல இடமும் இல்ல. ஹேசில்வுட் என்ன பண்ணாருன்னா, பழைய தண்ணி டாங்க் விக்கிற இடத்துக்குப் போயி ஒவ்வொரு டாங்க்குக்குள்ளயும் தலைய விட்டு கத்திப் பாத்திருக்காரு, எது நல்லா திருப்பிக் குடுக்குதோ அத எடுத்துட்டு வந்துட்டாரு. 2000 காலன் டாங்க், நம்ம கணக்குல 7500 லிட்டருக்கு மேல. ஸ்டுடியோவுக்கு வெளிய பார்க்கிங்ல போட்டு, ஒரு முனைல ஸ்பீக்கர், இன்னொரு முனைல மைக். உள்ள வாசிக்கிறது ஸ்பீக்கர் வழியா டாங்க்குக்குள்ள போயி, சுத்தி அடிச்சு, மைக் வழியா திரும்ப வந்து ரெக்கார்டிங்ல கலக்கும். வெளிய கிடக்குற டாங்க் ஆச்சே, மேல பறவை வந்து உக்காந்துச்சுன்னா அந்த சத்தமும் டேப்ல ஏறிடும், அதனால ஆள் போயி பறவைய விரட்டிட்டு வந்துதான் டேக் எடுப்பாங்களாம். இஞ்சினியர் ஜாக் மில்லர், அவர் பேர கண்டிப்பா சொல்லணும், ஏன்னா டாங்க் இருந்தா மட்டும் பத்தாது, எவ்ளோ கலக்கணும்னு தெரியணும். இந்த ஆல்பத்துல எக்கோ நோட்ட மூழ்கடிக்கவே மூழ்கடிக்காது கவனிச்சீங்களா, அடி முன்னாடி கேக்கும், அந்த டாங்க் பின்னாடி நிக்கும்.

அப்புறம் எடியோட முடிவு. கிட்டாரோட கீழ் தந்திங்க (தடிச்ச, கனமா ஒலிக்கிற தந்திங்க) தான் டேப்ல நல்லா பதியுதுன்னு அவருக்கு தோணிருக்கு, மெலடிய தூக்கி அங்க வச்சாரு. அந்தக் காலத்துல கிட்டார் சோலோன்னா மேல் தந்தில வேகமா போறது தான், சக் பெர்ரிய எடுத்துக்கோங்க, எல்விஸோட கிட்டாரிஸ்ட் ஸ்காட்டி மூர எடுத்துக்கோங்க. இந்த ஆளுக்கு 20 வயசு கூட ஆகல (1938 ஏப்ரல்ல பொறந்தவரு), வேகம் காட்டாம கீழ இறங்கி ஒரு பாடகன் பாடுற மாதிரி வாசிக்கலாம்னு முடிவு பண்றாரு. அந்த முடிவுதான் இந்த ஆல்பமே.

அந்த முடிவு எந்த இடத்துல பொறக்குதுன்னு கேக்கணும்னா 'மூவின் அண்ட் க்ரூவின்' போடுங்க, அதுதான் அவரோட முதல் சிங்கிள், 1958 தொடக்கத்துல வந்து அமெரிக்க பில்போர்டு ஹிட் பட்டியல்ல 72வது இடம் வரைக்கும்தான் போச்சு. ஆரம்பத்துல வர்ற அந்த மேல் தந்தி லிக் (சின்ன கிட்டார் துணுக்கு) சக் பெர்ரியோட 'பிரவுன் ஐட் ஹேண்ட்சம் மேன்'ல இருந்து எடுத்தது, அது முடிஞ்ச உடனே கிட்டார் தடால்னு கீழ இறங்கும் பாருங்க. மேல இருந்து கீழ வர்ற அந்த ஒரு நொடி, பழைய கிட்டார்ல இருந்து எடி கிட்டாருக்கு மாறுற நொடி. அதே ஆரம்ப லிக்க பீச் பாய்ஸ் 1963ல 'சர்ஃபின் யூ.எஸ்.ஏ'க்கு வாங்கிட்டாங்க.

கருப்புத்தட்டு எழுதியது:

எதிரொலி அண்ணன் சொன்னதுல மறுக்க ஒன்னும் இல்ல, ஆனா இத 'கிட்டார் ஆல்பம்'னு மட்டும் சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்லங்க. ரெபல் ரவுசர்ல இருந்து சாக்ஸ (சாக்ஸஃபோன்) எடுத்துட்டு யோசிச்சுப் பாருங்க, பாதி உசுரு போயிரும். கில் பெர்னல் வாசிச்சது அது. அதுவும் ஃபீனிக்ஸ்ல இல்ல, டேப்ப ஹாலிவுட் எடுத்துட்டுப் போயி கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோல மேல சேத்தது. கை தட்டுறது, நடுவுல வர்ற அந்த கூச்சல் எல்லாம் ஷார்ப்ஸ்னு ஒரு பாடகர் குரூப், அவங்க தான் பின்னாடி ரிவிங்டன்ஸ்னு பேர் மாத்தினவங்க. ஃபீனிக்ஸ்ல தண்ணி டாங்க்ல பொறந்து ஹாலிவுட்ல முடிஞ்ச பாட்டு அது, ரெண்டு ஊரும் சேந்ததாலதான் 6வது இடம் வரைக்கும் போச்சுன்னு நான் நினைக்கிறேன். அந்த சாக்ஸ் வரிசைல ப்ளாஸ் ஜான்சன் கூட உண்டு, பிங்க் பேந்தர் தீம்ல சாக்ஸ் வாசிச்ச அதே ஆளு.

பேண்டையும் யாரும் பேசுறதே இல்ல. அல் கேசி இல்லாம இந்த சவுண்டே இல்ல. 1956ல சான்ஃபோர்ட் கிளார்க் பாடின 'தி ஃபூல்'ல அந்த கிட்டார் ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற சின்ன வாசிப்பு) வாசிச்சது கேசி, அதுக்கும் ஹேசில்வுட் தான் புரொட்யூசர், ஆக எடி வர்றதுக்கு முன்னாடியே இந்தக் கூட்டணி வேலைய ஆரம்பிச்சிருச்சு. 'ராம்ராட்' எழுதினதும் கேசி தான். அவரோட மனைவி கார்க்கி கேசி ரிதம் கிட்டார், 1958ல ராக் அண்ட் ரோல் ரெக்கார்டிங்ல ஒரு பொண்ணு கிட்டார் வாசிக்கிறது எவ்ளோ பெரிய விஷயம், ஆனா எந்த பட்டியல்லயும் அவங்க பேர் வராது. எனக்கு இது நெஜமாவே ஆதங்கம்.

கிளாசிக்கான்னு கேட்டீங்க. ஹிட் சிங்கிளா சேத்து கட்டின ஆல்பம் தான் இது, அத மறைக்க வேண்டியதில்ல. மூவின் அண்ட் க்ரூவின், ரெபல் ரவுசர், ராம்ராட், கேனன்பால், தி லோன்லி ஒன், இந்த அஞ்சும் சிங்கிள். 'ஸ்டாக்கின்', 'டிடூர்' ரெண்டும் சிங்கிளோட மறுபக்கம். ஜேமி ரெக்கார்ட் கம்பெனி அத எல்லாம் சேத்து, மேல அஞ்ச போட்டு எல்பி ஆக்கிருச்சு. அந்தக் காலத்து பழக்கம் அது. ஆனா பில்போர்டுல 5வது இடம் வரைக்கும் போயி 82 வாரம் நின்னுச்சு, அதாவது ஒன்றரை வருசத்துக்கு மேல. பாட்டு வரியே இல்லாத, மைக் முன்னாடி பாடகனே நிக்காத ராக் அண்ட் ரோல் தட்ட ஜனங்க அவ்ளோ நாள் வாங்கிட்டே இருந்தாங்க.

முரட்டுத்தனம் வேணும்னா அதே 1958ல வந்த லிங்க் ரேயோட 'ரம்பிள்' இருக்கு, ஸ்பீக்கர்ல பென்சில குத்தி ஓட்ட போட்டு சவுண்ட கிழிச்சாரு, வரியே இல்லாத பாட்ட சில ரேடியோக்காரங்க தடை பண்ணாங்க. எனக்கு தனிப்பட்ட முறையில ரம்பிள் ஒரு படி மேல. ஆனா ஒரு ஆல்பம் முழுக்க கேக்கணும்னா எடி தான், அதுல சந்தேகம் இல்ல.

நாலாங்கட்டை எழுதியது:

வாசிக்கிற கேள்விக்கு நான் வர்றேன், மேல ரெண்டு பேரும் அத விட்டுட்டாங்க.

ப்ரோ, நோட்ஸ் சுலபம்தான், அதனாலதான் கஷ்டம். நாலு நோட்டு மட்டும் வாசிக்கிறப்ப ஒவ்வொன்னும் எப்ப ஆரம்பிக்குது எவ்ளோ நேரம் நிக்குது எப்படி முடியுதுன்னு எல்லாமே வெளிய தெரியும், வேகமா வாசிக்கிறப்ப மறைஞ்சு போற குறை எல்லாம் இங்க மறையாது.

அவர்கிட்ட இருந்தது க்ரெட்ச் 6120, சேட் அட்கின்ஸ் மாடல், லெஸ் பால் கிட்டார குடுத்துட்டு 1957ல ஃபீனிக்ஸ்ல வாங்கினது. உள்ள வெறும் கூடு, பிக்ஸ்பி கை (சுருதிய ஏத்தி இறக்குற கம்பி) இருக்கும், பிக்கப் (தந்தி அதிர்வ ஆம்ப்புக்கு அனுப்புற பாகம்) டைனாசோனிக் சிங்கிள் காயில். இந்த பிக்கப்புக்கு கீழ் தந்தியில கூட ஒரு பளிச்சுனு அடி இருக்கும், பொதுவா கீழ் ஈ (E) தந்தில மெலடி வாசிச்சா சேறு மாதிரி குழம்பும், இதுல குழம்பாது. ஆம்ப் மேக்னடோன், அத பிரிச்சு பவர ஏத்தி 15 இஞ்ச் ஜேபிஎல் ஸ்பீக்கர் போட்டிருந்தாரு. பெரிய ஸ்பீக்கர், நெறைய பவர், அதனால கிழியாம சுத்தமா சத்தமா வரும். இதுல டிஸ்டார்ஷன் (சத்தத்த கிழிக்கிற எஃபெக்ட்) ஒரு துளி போட்டாலும் எடி காணாம போயிருவாரு, போடாதீங்க.

இப்ப உங்க ரெக்கார்டிங் ஏன் சப்புனு இருக்குன்னு என் ஊகம். நீங்க 9 செட்டு (மொத தந்தி 0.009 இஞ்ச்) மெல்லிசு தந்தி போட்டிருப்பீங்க, அதுல கீழ் ஈ-ய ஓங்கி அடிச்சா சுருதி ஏறி இறங்கும், அதுக்கு பயந்து மெதுவா அடிப்பீங்க, கனம் போயிரும். அதவிட தடிச்ச 11 செட்டு போட்டுட்டு பிரிட்ஜ் (தந்தி உக்கார்ற கட்டை) பக்கத்துல தைரியமா அடிங்க. அடுத்தது பிக்ஸ்பி. எல்லாரும் நோட்ட அடிச்சுட்டு அந்தக் கம்பிய ஆட்டுறாங்க. எடி பல இடத்துல கம்பிய லேசா அழுத்தி வச்சிட்டு நோட்ட அடிச்சு அப்புறம் விடுவாரு, நோட்டு கீழருந்து வழுக்கி சுருதிக்கு வந்து சேரும், நம்ம கமகம் கேட்ட காதுக்கு இது உடனே பிடிபடும். ட்ரெமலோ வேற விஷயம், அது சுருதிய தொடாது, சத்தத்த மட்டும் கூட்டிக் குறைக்கும், ரெபல் ரவுசர் ஆரம்பத்துல கிட்டார் தனியா வர்றப்ப துடிக்கிறது அதுதான்.

எக்கோவுக்கு பெடல்ல டிலே வைக்காதீங்க, திரும்பத் திரும்ப நோட்டு கேட்டா அது வேற ஸ்டைல். சேம்பர் ரிவர்ப் (ரூம் முழக்கம் மாதிரி எஃபெக்ட்) எடுத்து வால, அதாவது நோட்டுக்கு அப்புறம் நீளுற முழக்கத்த, சின்னதா வச்சு கலக்குங்க. அப்பறம் ரெபல் ரவுசர்ல கீ (பாட்டோட சுருதி) அரை அரை ஸ்டெப்பா மேல ஏறிட்டே போகும்ல, அத விடாம ஏத்தி வாசிங்க, ஒரே கீல வாசிச்சா ரெண்டாவது நிமிசம் சலிச்சிரும். மெலடி மாறவே மாறாது, கீ ஏறும், சாக்ஸ் பதில் சொல்லும், கூட்டம் சத்தம் போடும், அவ்ளோதான் அந்தப் பாட்டோட மொத்த திட்டமும்.

பேஸ் கிட்டாரையும் கவனிங்க. கிட்டார் கீழ இறங்கினா பேஸோட மோதணும்ல? மோதாது, ஏன்னா பேஸ் உருண்டையா அடில ஓடும், கிட்டார் அதே உயரத்துல இருந்தாலும் பளிச்சுனு மேல ஒட்டிக்கும். வீட்ல பேக்கிங் டிராக் வச்சு வாசிக்கிறப்ப பேஸோட பளபளப்ப கொஞ்சம் குறைங்க, உடனே உங்க கிட்டாருக்கு இடம் கெடைக்கும்.

தந்திமீட்டி எழுதியது:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். நாலாங்கட்டை ப்ரோ, தந்தி 9 தான் போட்டிருந்தேன், கரெக்டா சொல்லிட்டீங்க! 11 வாங்கிட்டேன், பிக்ஸ்பி இல்ல, என் ஸ்ட்ராட் கிட்டார்ல இருக்குற ஆர்ம (அதே மாதிரி கம்பி) வச்சே அந்த அழுத்தி விடுறத முயற்சி பண்றேன், 'ஸ்டாக்கின்'ல அது நல்லா ஒட்டுது ஏன்னா அது மெதுவான பாட்டு.

கருப்புத்தட்டு அண்ணே, கார்க்கி கேசி பத்தி தெரியவே தெரியாது, இனிமே கேக்குறப்ப ரிதம் பக்கம்தான் காது போகும். ஆனா என் முதல் கேள்விக்கு இன்னும் முழுசா பதில் வரல, அந்த பழைய பாட்டுங்க. 'லவிங் யூ' எல்விஸ் பாட்டு, அத எதுக்கு குரல் இல்லாம வாசிக்கணும்? எதிரொலி சார் இதுக்கு ஒரு வழி சொல்லுங்க.

எதிரொலி எழுதியது:

சொல்றேன் தம்பி, எனக்கு இந்த ஆல்பத்துல ரொம்ப நெருக்கமான பகுதி அதுதான்.

அந்தப் பாட்டுங்க எங்கருந்து வருதுன்னு பாருங்க. ஆல்பத்தோட முதல் பாட்டே 'லோன்சம் ரோடு', 1927ல ஜீன் ஆஸ்டின் எழுதிப் பாடினது. 'ஐ ஆல்மோஸ்ட் லாஸ்ட் மை மைண்ட்' ஐவரி ஜோ ஹண்டரோட 1950 ப்ளூஸ், பேட் பூன் 56ல பாடி ஒன்னாம் இடத்துக்கு கொண்டு போனது. 'டிடூர்' 1940கள்ல வந்த வெஸ்டர்ன் ஸ்விங் (கன்ட்ரியும் ஜாஸும் கலந்தது). 'எனி டைம்' 1921ல எழுதின பாட்டு, கன்ட்ரிக்காரங்களும் பாடினாங்க, எடி ஃபிஷரும் பாடினாரு. 'லவிங் யூ' 1957 எல்விஸ். கறுப்பின மக்களோட ப்ளூஸ், கன்ட்ரி, பழைய பாப், புது ராக் அண்ட் ரோல், இது எல்லாம் ஒரு ரேடியோ பெட்டில ஒரு நாள்ல கேக்கக் கூடியது. அரிசோனால வளர்ற ஒரு பையன் காதுல விழுந்தது அத்தனையும் அந்த பன்னெண்டு பாட்டுக்குள்ள இருக்கு, எல்லாமே ஒரே கிட்டார் குரல்ல. அதனால நான் அத நிரப்பினதா பாக்கல.

குரல் இல்லாம எதுக்குன்னு கேட்டீங்கல்ல, 'லவிங் யூ'வ ராத்திரி ஹெட்ஃபோன்ல போட்டு கேளுங்க. எல்விஸ் பாடினத விட அலங்காரம் குறைவு. வரியோட கடைசி நோட்டுல எல்விஸ் குரல நடுங்க விடுற இடத்துல எடி பிக்ஸ்பிய லேசா தொட்டு விட்டுருவாரு, அவ்ளோதான். பாடத் தெரியாதவனுக்கு கிட்டார் குரலா மாறுறத நீங்க அதுல கேக்கலாம், அவரே தனக்கு பாட வராதுன்னு வெளிப்படையா சொன்ன ஆளு.

'த்ரீ-தர்ட்டி ப்ளூஸ்' பத்தி இங்க யாரும் பேசல. மெதுவான பன்னெண்டு பார் (பன்னெண்டு தாளக் கட்டு ஒரு சுத்து) ப்ளூஸ். 'எடிக்கு கீழ் தந்தி தவிர ஒன்னும் தெரியாது'ன்னு சொல்றவங்களுக்கு இதத்தான் போட்டுக் காட்டுவேன். தந்திய வளைக்கிறாரு, காத்திருக்காரு, அடுத்த வரிக்கு அவசரமே இல்ல. வேற மாதிரி வாசிக்கத் தெரிஞ்சே மெலடிய கீழ வச்ச ஆளு அவரு.

தாக்கத்தப் பத்தி தனியா ஒரு திரி போடலாம், ஆனா ஒன்னு ரெண்டு மட்டும். 1960ல இங்கிலாந்துல என்.எம்.ஈங்கிற இசைப் பத்திரிகை வாசகர் ஓட்டெடுப்புல உலகத்துல நம்பர் ஒன் இசை ஆளுமைன்னு இவர தேர்ந்தெடுத்தாங்க, எல்விஸ முந்தி. 1962ல ஜேம்ஸ் பாண்ட் தீம்ல விக் ஃப்ளிக் வாசிச்ச அந்த கீழ் தந்தி கிட்டார கேளுங்க, வழி எங்கருந்து வந்துச்சுன்னு தெரியும். ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோட 'பார்ன் டு ரன்' கிட்டார் ரிஃபும் அதே வம்சம்தான். 1987ல எடி ஒரு ஆல்பம் போட்டப்ப பீட்டில்ஸ்ல இருந்த பால் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் வந்து கூட வாசிச்சாங்க, சின்னப் பசங்களா இருந்தப்ப கேட்ட கிட்டாருக்கு பக்கத்துல நிக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது.

கருப்புத்தட்டு எழுதியது:

அண்ணன் த்ரீ-தர்ட்டி ப்ளூஸ எடுத்ததுக்கு நன்றி, அதுல எனக்கும் அதே எண்ணம்தான். 'எனி டைம்' மட்டும் எனக்கு இன்னும் ஒட்டல, அத ஒத்துக்க முடியாது.

தம்பி அடுத்து எங்க போறதுன்னா, 1959ல வந்த 'எஸ்பெஷலி ஃபார் யூ' எடுங்க, 'பீட்டர் கன்' அதுலதான் இருக்கு. அதே பாட்ட 1986ல ஆர்ட் ஆஃப் நாய்ஸ் பேண்ட் கூட சேந்து திரும்ப வாசிச்சு கிராமி வாங்கினாரு, ரெண்டையும் அடுத்தடுத்து போட்டு கேட்டீங்கன்னா நடுவுல எத்தன வருசம் போச்சுன்னு கிட்டார வச்சு மட்டும் கண்டுபிடிக்க முடியாது, சுத்தி இருக்குற மெஷின் சத்தம்தான் மாறிருக்கும். அதுக்கப்புறம் 1960ல வந்த 'சாங்ஸ் ஆஃப் அவர் ஹெரிடேஜ்'. அதுல ஆம்ப்பும் இல்ல, சத்தமும் இல்ல, நாட்டுப்புறப் பாட்டுங்கள அக்கூஸ்டிக் கிட்டார்ல வாசிச்சிருப்பாரு. நாலாங்கட்டை சொன்ன அந்த நோட்ட நிறுத்துற விஷயம் அதுல இன்னும் தெளிவா கேக்கும், வாசிக்கிறவங்க அதுலருந்து ஒரு பாட்டாவது எடுத்துப் பழகணும். 11 தந்தி போட்ட ரெக்கார்டிங்க இங்கயே போடுங்க, கேக்க ஆவலா இருக்கேன்.